எட்டு சதவீதம்

வைகுண்டராஜ் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். அந்த வீட்டு வாசலில் கேபிள் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி நிற்பதை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தான்.

உச்சி வெயில். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் கோபுரத்துக்குப் பின்பக்கம் இருக்கிற அந்தச் சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை. எங்கேயோ பால்கோவாவுக்குப் பால் வற்றுகிற வாசனை மட்டும் தித்திப்பாக வந்துகொண்டிருந்தது. சங்கையா வீட்டை நெருங்க நெருங்க அந்த வாசனையும் நின்றுபோனது.

பக்கத்து வீட்டு கிருபாபாய் பையும் கையுமாக வாசலில் நின்றாள். மகளுக்குப் பிரசவம், மதுரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

"சாவி இதான். வேல முடிஞ்சதும் அந்தத் துளசித் தொட்டிக்கடியில போட்டுருங்க. முனீஸ்வரி சாயங்காலம் வாரேன்னு சொல்லிருக்கா, அவ எடுத்துக்கிடுவா" என்றாள்.

"சரிங்க."

கிருபாபாய் போகவில்லை. மூடிய கதவையே பார்த்தாள்.

"கோர்ட்டு டவாலியா இருந்த மனுசன் தம்பி. அவரு பேரு கூப்பிட்டா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். மூணு தடவ கூப்பிடுவாரு. மூணாவது தடவைக்கும் ஆள் வரலைன்னா தீர்ப்பு அவ்வளவுதான். பக்கவாதம் வந்த பொறவு எலி கத்துற சத்தம்கூட இல்ல. கட்டில்ல இருந்து உருண்டு, கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல கெடந்திருக்காரு. இந்தா, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம்தான் நான் இருந்தேன். எனக்குக் கேக்கலியே."

"பஸ்ஸுக்கு நேரமாகலையா?" என்றான் வைகுண்டராஜ்.

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

*

அவனுக்கு எரிச்சலாக இருந்தது. இன்று காலையில்தான் எல்லாம் அவனுக்குத் தெரியவந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

ராஜபாளையத்தில் முத்துப்பாண்டி நடத்தும் கேபிள் கம்பெனியில் நெட் லைன் முழுக்க அவன் பொறுப்பு. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிற பைபர் கேபிளை, ரோட்டை அகலப்படுத்துகிற பொக்லைன் ஒன்று அறுத்துப் போட்டது. உடனே மாடியில் வயரில்லாமல் அனுப்புகிற டிஷ் வைத்து லைனை அதில் மாற்றிவிட்டார்கள். டிஷ் தாங்குவது பழைய பைபரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாலு அங்குலக் குழாய் இருந்த இடத்தில் அரை அங்குலக் குழாய் போட்ட கதை.

ரவுட்டருக்கு எண்ண மட்டும்தான் தெரியும். லைன் செருகியிருக்கிற ஒவ்வொரு வாசல் வழியாகவும் எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று தண்ணீர் மீட்டர் மாதிரி எண்ணிக்கொண்டே இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதனிடம் மீட்டரைக் கேட்கும். போன தடவை சொன்னதைக் கழித்தால் நடுவில் ஓடியது கிடைக்கும். லைன் எவ்வளவு தாங்குமோ அதில் இது எத்தனை பங்கு என்று பார்த்தால் சதவீதம். அதை வரைந்தால் ஒரு கிராஃப். ஆனால், லைன் எவ்வளவு தாங்கும் என்பது ரவுட்டருக்குத் தெரியாது. அதை மனிதன்தான் எழுதிவைக்க வேண்டும்.

டிஷ்ஷுக்கு மாற்றிய அன்று வைகுண்டராஜ் அந்த எண்ணை மாற்ற மறந்துவிட்டான். குழாய் கழுத்துவரைக்கும் அடைத்துக்கொண்டு திணறியபோதும், கம்ப்யூட்டர் பழைய பெரிய குழாயை மனதில் வைத்து 'எட்டு சதவீதம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் முனீஸ்வரி போன் செய்தாள். கோயம்புத்தூரில் வேலை. படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க வீட்டில் ஒரு கேமரா வைத்திருந்தாள். அப்பா கூப்பிட்டால் அதில் கேட்கும், அவள் பேசினால் அவருக்குக் கேட்கும். பார்த்துக்கொள்கிற ஆள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு போட்டிருந்தாள்.

"அண்ணே, படம் அப்படியே நிக்குதுண்ணே. அப்பா அசையவே மாட்டேங்காரு."

"லைன்ல லோடு எட்டு பர்சென்ட்தாம்மா. காத்தாடுது. ஒங்க அப்பா தூங்குதாரு, அதான் அசையல."

ராத்திரி மறுபடியும் கூப்பிட்டாள். மறுநாள் காலையிலும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, கிராஃப்பு பொய் சொல்லுமா? தூங்குத மனுசன எழுப்பி டான்ஸா ஆடச் சொல்ல முடியும்?" என்றான். பக்கத்தில் இருந்த ஆல்வின் சிரித்தான். ஆல்வின் சிரித்ததால் வைகுண்டராஜுக்கும் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு அவளுக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. ஆபீஸில் சொன்னதை நம்பிவிட்டாள். பக்கத்து வீட்டில் விசாரிக்கக்கூட இல்லை. சங்கையா தரையில் கிடந்து, ஒரு முழு நாளும் ஒரு ராத்திரியும் கேமராவைப் பார்த்துக் கூப்பிட்டு, செத்துப்போனார்.

இன்று காலையில் கிராஃப்பைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. ஒழுங்கான லைன் என்றால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இது கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக, பகலும் ராத்திரியும் ஒரே எட்டில் நின்றது. முட்டிக்கொண்டு நிற்கிற லைன்தான் அப்படி நிற்கும்.

முத்துப்பாண்டியிடம் போய்ச் சொன்னான். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"அந்த நம்பரத் தொடாத" என்றார் பிறகு. "அது எட்டுலயே இருக்கட்டும். அவ வக்கீலோட வந்தா இதத்தான் காட்டணும். நீ போயி அந்த வீட்டு நெட் பொட்டியவும் கேமராவவும் கழட்டிக்கிட்டு அப்படியே மதுரைக்குப் போயிரு. ரெண்டு மூணு நாள் ஊருக்குள்ள தல காட்டாத."

"கேமரா அவுக சொந்தம்ல அண்ணாச்சி?"

"ரிப்பேருக்கு எடுத்தோம்னு சொல்லிக்கிடுவோம். போலே."

வைகுண்டராஜ் எண்ணைத் தொடவில்லை.

*

உள்ளே போனதும் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டான். பழைய காலத்துத் தேக்குக் கதவு. வெளியே இருந்த பகல் அப்படியே அறுந்துபோனது.

தைல வாசனை. டெட்டால். அதற்கு அடியில், எவ்வளவு கழுவினாலும் போகாத வேறொரு வாசனை.

இரும்புக் கட்டிலின் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்கு இடுக்கு. சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நகத்தால் கீறிய வெள்ளைக் கோடுகள். எல்லாம் வலது கை எட்டுகிற இடத்தில். இடது கைதான் அவருக்கு வராதே.

எதிர்ச் சுவரில் உயரத்தில் கேமரா. அதற்குக் கீழே அலமாரியில் நெட் பெட்டி. அதன் பச்சை விளக்கு படபடவென்று துடித்தது.

ஆளில்லாத வீட்டில் அது அப்படித் துடிக்கக் கூடாது.

பெட்டியின் பின்னால் இருந்த பைபரையும் கரண்ட் வயரையும் உருவினான். பெட்டியை எடுத்துத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். சுண்ணாம்புச் சுவர் வீட்டுக்குள் செல்போன் டவர் எடுக்காது. முற்றத்தில் துவைக்கிற கல் மேல் போனை வைத்து, ஸ்பீக்கரில் ஆபீஸுக்குப் போட்டான்.

"ஏலே ஆல்வின், சங்கையா வீட்டு வாசல்ல லோடு என்ன காட்டுது?"

"எட்டுண்ணே."

"நான் உருவிட்டேன்லே."

"இன்னும் எட்டுலதான் நிக்குது."

"அது சராசரி. செத்த நேரம் ஆகும் எறங்க. ஒருத்தன் கொஞ்ச நேரம் கத்திட்டுப் பொறவு சும்மா கெடந்தாலும், அஞ்சு நிமிசத்துக்கும் சேத்துப் பரப்பி, முழு நேரமும் மொனங்கிக்கிட்டே கெடந்த மாதிரி காட்டும். இரு."

இருந்தார்கள். முற்றத்துச் சதுரத்தில் வெயில் கல்லைச் சுட்டது. ஆல்வின் மூச்சு விடுவது போனில் கேட்டது.

"அண்ணே, எறங்கல. எண்ணிக்க ஏறிக்கிட்டே இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"வீட்ல இருந்து வெளிய வாரது மட்டும்ண்ணே. இங்கருந்து அங்க ஒண்ணுமே போகல."

வைகுண்டராஜ் தோள்பையைப் பார்த்தான். துணி வழியாகப் பச்சை வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தது. பேட்டரி எதுவும் அந்தப் பெட்டியில் கிடையாது.

"ரவுட்டர் கிறுக்குப் பிடிச்சிருக்கும்" என்றான். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. "இங்க பாரு. அந்தப் பொண்ணு போன் போட்டா, நான் பொட்டியோட மதுரைக்குப் போயிட்டேன், லோடு எட்டு பர்சென்ட், லைன்ல ஒரு கொறையும் இல்ல, அம்புட்டுதான். வேற ஒரு வார்த்த பேசாத. யாரு கேட்டாலும் இதான்."

"சரிண்ணே. மதுரை போயிட்டீக. எட்டு பர்சென்ட்."

போனைக் கல்லின் மேலேயே விட்டுவிட்டுக் கேமராவைக் கழற்ற உள்ளே போனான்.

*

பிளாஸ்டிக் சேரைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினான். கேமராவின் கண்ணுக்கு நேராக அவன் முகம் வந்தது.

கேமரா பேசியது.

"அப்பா... அப்பா, கேக்குதா?"

முனீஸ்வரியின் குரல். கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது.

"அப்பா, கைய லேசா ஆட்டுங்கப்பா. ஆபீஸ்ல கேட்டேன், தூங்குதீகன்னு சொல்லுதாவ. தூங்குதீகளாப்பா?"

அவன் கை ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நின்றது. இது இன்றைக்குப் பேசுகிற பேச்சு இல்லை. அன்றைக்கு அடைத்த லைனில் நுழைய முடியாமல் நின்ற பேச்சு. இவ்வளவு நாளும் எங்கேயோ வரிசையில் காத்திருந்து, இப்போதுதான் வந்து சேர்கிறது.

அவனுக்குப் பின்னால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, ஏதோ தரையில் தேய்ந்தது.

இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

தைல வாசனை கனமாக எழுந்தது.

அவன் திரும்பவில்லை. திரும்பாமல், வேகவேகமாக ஸ்குரூவைத் திருகினான்.

"வைகுண்டராஜ்..."

இப்போது முனீஸ்வரியின் குரல் இல்லை. ஆணின் குரல். கோர்ட்டு வராந்தாவில் நின்று கூப்பிடுகிற குரல். கடைசி எழுத்தை இழுத்து, தூண்களில் மோதவிட்டுக் கூப்பிடுகிற குரல்.

"வைகுண்டராஜ்..."

சேரின் கால் மெதுவாக அகன்றது. அவன் அசையவில்லை. சேர்தான் அசைந்தது. யாரோ கீழே உட்கார்ந்துகொண்டு அதன் காலைப் பிடித்து இழுத்ததுபோல.

"வைகுண்டராஜ்!"

அவன் விழுந்தான். இடுப்புக்குள்ளே காய்ந்த சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். அவன் கத்திய கத்தலில் முற்றத்துப் புறா ஒன்று படபடத்துப் பறந்தது.

பிறகு எதுவும் இல்லை.

எழுந்திருக்கப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே கால்கள் அவனுடையவையாக இல்லை. தவழப் பார்த்தான். முற்றத்தில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. வலது கையைத் தரையில் ஊன்றி வாசல் பக்கமாகத்தான் இழுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் கண் இருட்டியது. கண் தெளியும்போதெல்லாம் வாசல் தூரமாகவும் கட்டில் பக்கமாகவும் இருந்தது.

கடைசியாகக் கண் தெளிந்தபோது அவன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தான்.

முகத்துக்கு நேரே அந்த நகக் கீறல்கள்.

எதிர்ச் சுவரில், பாதி கழன்று தொங்கிய கேமரா, சரியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

*

முற்றத்து வெயில் சுவரில் ஏறிக் கூரையைத் தொட்டபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. துளசித் தொட்டியை யாரோ நகர்த்தினார்கள். சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

கதவைத் தட்டினாள். "யாராவது இருக்கீகளா?"

முனீஸ்வரி. உயிரோடு, இன்றைக்கு, பத்தடி தூரத்தில்.

அவன் வாயைத் திறந்தான்.

ஒரு கை வந்து மூடியது.

சில்லென்ற, காய்ந்த, தைலம் நாறுகிற கை. அதன் விரல்கள் சரியாக மடங்கவில்லை. ரொம்ப நாள் அசையாமல் கிடந்து, இப்போதுதான் அசையப் பழகுகிற கை.

இடது கை.

கதவுக்கு வெளியே அவள் போன் போட்டாள். அந்தப் பேச்சு கதவு வழியாக மங்கலாகவும், கேமரா வழியாகத் தெளிவாகவும், இரண்டு தடவை அவனுக்குக் கேட்டது.

"தம்பி, நான் சங்கையா மக பேசுதேன். வீடு உள்ளுக்குள்ள தாப்பா போட்டிருக்க மாதிரி இருக்கு. ஒங்க ஆளு உள்ள இருக்காரா?"

"இல்லக்கா. அண்ணன் பொட்டியோட அப்பமே மதுரைக்குப் போயிட்டாரு."

"என் போன்ல கேமரா தெறக்குது தம்பி. படம் வருதே."

 ஆல்வின் தனக்குச் சொல்லிக்கொடுத்ததையே சொன்னான். "லோடு எட்டு பர்சென்ட்க்கா. லைன்ல ஒரு கொறையும் இல்ல."

"அப்பா கட்டில்ல இருக்காரு தம்பி." அவள் குரல் உடைந்தது. "படுத்திருக்காரு. அசையல."

"அது பழைய படம்க்கா. நின்னு போயிருக்கும்."

 வைகுண்டராஜ் மூக்கு வழியாக அலறினான். அந்தக் கை இன்னும் கொஞ்சம் அழுத்தியது. கண்ணை மேலே சுழற்றிப் பார்த்தான். கட்டில் கம்பி மெதுவாகக் கீழே வளைந்தது. மெத்தை இல்லாத கட்டிலில் யாரோ புரண்டு படுப்பதுபோல.

கதவில் ஓர் உள்ளங்கை பட்டு, மெல்லத் தடவியது.

"தூங்குதாரு" என்றாள் முனீஸ்வரி. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "தூங்கட்டும். எழுப்ப வேண்டாம்."

செருப்புச் சத்தம் சந்தைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது.

கை அவன் வாயை விட்டது. இப்போது அவன் கத்தலாம். எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

கத்தினான். எலி கத்துகிற சத்தம்கூட வரவில்லை.

*

கிருபாபாய் மதுரையிலிருந்து திரும்பியபோது வைகுண்டராஜின் பெண்டாட்டி பாண்டீஸ்வரிகூட அவனைத் தேட ஆரம்பித்திருக்கவில்லை. எல்லாரும் அவன் மதுரையில் இருப்பதாகத்தான் நினைத்தார்கள். வாடைதான் காட்டிக்கொடுத்தது. கதவை உடைத்தார்கள். சங்கையா கிடந்த அதே இடுக்கில், அதே மாதிரி ஒருக்களித்துக் கிடந்தான். வலது கை கேமராவை நோக்கி விறைத்து நின்றது. விரல் நகங்களில் சுண்ணாம்பு. வாயைச் சுற்றி ஐந்து விரல் தடம். அவன் பைக்குள்ளே பெட்டியின் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்ததாக உடைக்கப் போன தச்சர் சொன்னார். போலீஸ் வந்து பார்த்தபோது அது எரியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம், முத்துப்பாண்டி தன் அறையிலிருந்தபடியே சொன்னார். "ஏலே, அந்த நம்பர இப்பம் மாத்திருலே. இனி யாரு கேக்கப் போறா."

ஆல்வின் மாற்றினான். டிஷ் லைன் எட்டிலிருந்து ஒரே தாவலில் நூறுக்குப் போய் நின்றது. அது எப்போதுமே அங்கேதான் இருந்திருக்கிறது.  அன்று தான் சிரித்தது அவனுக்கு நினைவு வந்தது.

அதற்குக் கீழே சங்கையா வீட்டு வாசல். அதில் வயரே கிடையாது. பெயரைக்கூட அழித்தாகிவிட்டது.

எட்டு சதவீதம். தட்டையாக. வெளியே வருவது மட்டும்.

'கொஞ்ச நேரம் கத்திட்டு சும்மா கெடந்தாலும், பரப்பித்தான் காட்டும்.' வைகுண்டராஜ் முற்றத்திலிருந்து சொன்னது காதில் ஒலித்தது. ஆல்வின் அளவெடுக்கும் இடைவெளியைக் குறைத்தான். ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். பிறகு சில நொடிகள்.

தட்டைக் கோடு உடைந்தது.

ஒரு முகடு. இடைவெளி. இன்னொரு முகடு. இடைவெளி. மூன்றாவது. அப்புறம் நீண்ட அமைதி. மறுபடியும் மூன்று.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அமைதி முடிந்து புதிதாக ஒரு முகடு எழுந்தது. அடங்கியது.

உள்ளறையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"ஏலே ஆல்வின், என்னயவா கூப்பிட்ட?"

ஆல்வின் வாயே திறக்கவில்லை.

இரண்டாவது முகடு எழுந்தது.

"காது கேக்கத்தான் செய்யுது, எதுக்குலே பேரச் சொல்லிக் கத்துத? வாரேன் இரு" என்றார் முத்துப்பாண்டி. அவர் எழுந்து செருப்பைத் தேடுவது கேட்டது.

எங்கிருந்தோ தைல வாசனை வந்தது.

திரையில் மூன்றாவது முகடு ஏறத் தொடங்கியது.